மாமி விட்டுப்போன நேர்த்தி

மாமிக்கு நான் "ஓம்" சொன்னது யோசித்துச் சொன்னதல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற ஒரு மனுஷி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? "பிள்ளை, நேர்த்திக்கடன் ஒண்டு கிடக்கு. நான் குடுக்கேல்ல. நீ குடுத்துப்போடு" என்றார். "ஓம் மாமி, நீங்கள் யோசிக்காமப் படுங்கோ" என்று போர்வையை இழுத்துவிட்டேன். என்ன நேர்த்தி, எந்தப் புனிதருக்கு, எதற்காக என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நேரம் பார்த்துத் தாதி ஊசியோடு வந்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டார். நாளைக்கு ஆறுதலாகக் கேட்கலாம் என்று கஞ்சிப் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். விடிந்தபோது மாமி இல்லை.

அவர் எனக்குச் சொந்த மாமி இல்லை. துறைமுகத்துக்குப் போகிற வீதியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில். அந்த மதிலில் ஓர் உடைப்பு. அதற்குள்ளால் முப்பது வருஷமாகத் தேங்காயும் சீனியும் ஊர்க்கதையும் போய்வந்தன. நான் திரியாய்ப் பக்கத்துச் சைவ வீட்டுப் பெண். கலியாணம் கட்டித்தான் கத்தோலிக்க வேதத்துக்கு வந்தேன். செபமாலையும் பூசையும் பழகிவிட்டன. ஆனால் எந்தப் புனிதரிடம் எதைக் கேட்பது என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். கண்ணுக்கு ஒருவர், தொண்டைக்கு ஒருவர், தொலைந்த அலுமாரித் திறப்புக்கு ஒருவர். ஆள் மாறிக் கேட்டால் கிடைக்குமா என்று மாமியிடம் ஒருமுறை கேட்டேன். "அவையள் தங்களுக்குள்ள கதைச்சு மாத்திக்கொள்ளுவினம், நீ கேள்" என்றார்.

நேர்த்தி என்றால் என்னவென்று மட்டும் எனக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வெருகல் முருகனுக்கு என்னைப் பெற்ற அப்பு காவடி நேர்ந்துவிட்டு வருஷக்கணக்காக இழுத்தடித்தபோது அம்மா அவரைப் படுத்தின பாடு எனக்குத் தெரியும். வீட்டில் பால் திரைந்தாலும் அதுதான் காரணம், மாடு முட்டினாலும் அதுதான் காரணம். கொடுக்காத நேர்த்தி ஆளை விடாது என்பது சைவத்துக்கும் வேதத்துக்கும் பொதுவான பயம்.

மாமி ஒரு குட்டை மனுஷி. குரல் மட்டும் கப்பலில் நிற்பவனுக்கும் கேட்கும். கோயிலில் மின்விசிறிக்கு நேர்கீழே இருக்கிற வாங்குதான் அவருடையது. அதில் வேறு யாரும் இருந்துவிட்டால் பூசை முடியும்வரை மாமியின் இருமல் ஓயாது. கை தாராளம். ஒரு தம்ளர் சீனி வாங்கினால் குவித்துத்தான் திருப்பித் தருவார். மதில் உடைப்பால் வருகிற புட்டு எனக்கும் மனுஷனுக்கும் போக நாய்க்கும் மிஞ்சும். "கூடிப்போச்சு மாமி" என்றால், "குறைஞ்சாத்தானே கதை, கூடினா என்ன?" என்பார். என்னைப் "பிள்ளை" என்பார், கோபம் வந்தால் "நெட்டைக் கொக்கு" என்பார். நான் கொஞ்சம் உயரம். இந்த வீதியில் என் உயரத்துக்கு நிற்பது மின்கம்பம் மட்டும்தான் என்று என் மனுஷனே பகிடி பண்ணுகிறவர்.

மாமி இறப்பதற்குச் சில வருஷம் முன்னர் எனக்கு வயிற்றில் கட்டி வந்தது. கண்டிக்குக் கொண்டுபோய் வெட்டி எடுக்க ஏற்பாடு. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் மாமி வந்து கட்டிலடியில் நின்றார். நான் குளிசை மயக்கத்தில் அரைக்கண்ணோடு கிடந்தேன். முணுமுணுத்துக்கொண்டே என் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குக் கையைக் கொண்டுபோனார். வேதத்தில் இப்படியும் ஒரு செபம் இருக்குமாக்கும் என்று நினைத்தேன். உள்ளங்காலில் ஏதோ கூச, காலை இழுத்தேன். "ஆடாமக் கிட பிள்ளை!" என்று ஓர் அதட்டல். பிறகு நான் தேறி வந்தேன். கிளினிக்குக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் மதிலடியில் நின்று, "டொக்டர் முடிஞ்சுது எண்டிட்டாரோ?" என்று கேட்பார். "இல்லை மாமி, இன்னும் வரச் சொல்லுறார்" என்பேன். "ம்ம்" என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விடுவார்.

மாமிக்கு ஒரே மகள். கனடாவில் இருக்கிறாள். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வெளிக்கிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. தாயைச் சேமக்காலைக் குழியில் இறக்கியதை அவள் போனில்தான் பார்த்தாள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மண் போடும்போது போன் சரிந்திருக்க வேண்டும். "அக்கா, கொஞ்சம் நேராப் பிடியுங்கோ" என்றாள். இறந்தவர் வீட்டில் எத்தனையோ அழுகை கேட்டிருக்கிறேன்; அந்த ஒரு வசனம்போல ஒன்றும் என்னை உலுக்கியதில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு அழைத்தாள். "அம்மா கடைசியா ஏதும் சொன்னவவோ அக்கா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் நேர்த்திக் கதையைச் சொன்னேன்.

"அது எனக்காகத்தான் இருக்கும்" என்றாள் உடனே. "என்ர கேசுக்காக நேர்ந்திருப்பா. இல்லாட்டி நான் வந்து சேரோணும் எண்டு நேர்ந்திருப்பா. என்னெண்டு கண்டுபிடியுங்கோ அக்கா. மண் போடவும் நான் வரேல்ல. இதையாவது நான் செய்யோணும்."

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. பங்குச் சுவாமியிடம் கேட்டேன். புதிதாக வந்த இளம் சுவாமி. "கடவுளுக்குத் தெரியும் அம்மா, நீங்கள் ஒரு பூசை ஒப்புக்கொடுங்கோ" என்றார். கடவுளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாததுதானே இங்கே பிரச்சினை!

மகள் கேட்டபடி மாமியின் அலுமாரியை ஒதுக்கினேன். சேலைகளைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தேன். செபப் புத்தகத்தை மட்டும் தனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். புத்தகத்துக்கு நடுவே காய்ந்த குருத்தோலைச் சிலுவை ஒன்று இருந்தது. அதைச் சுற்றித் தடித்த வெள்ளை நூல். பக்கம் தவறாமல் இருக்க வைத்ததாக்கும் என்று நினைத்தேன். நான் பள்ளிக்கூட உடுப்புத் தைத்துப் பிழைக்கிறவள். நூலைக் கண்டால் கை சும்மா இராது. எடுத்துத் தையல் மெசின் லாச்சியை இழுத்து உள்ளே போட்டேன். எந்தப் பக்கத்தில் இருந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மூப்பரிடம் போனேன். எங்கள் வீதிக்காரர் கிழமைக்கு ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வோம். அதற்கு முன்நின்று நடத்துகிறவர் அவர். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்து வரும் படகில் வேலை செய்து ஓய்ந்தவர். படலைக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஊதுகிற சத்தத்தை வைத்தே இது கோதுமைக் கப்பல், இது சீமெந்துக் கப்பல் என்பார். சரியா பிழையா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. தவசு காலத்தில் யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாமை அவர் வாசித்தால் கல்நெஞ்சுக்காரனும் மூக்கைச் சிந்துவான். செபமாலையை மட்டும் பசியின் அளவைப் பொறுத்துச் சொல்வார். அந்த வீட்டுக் குசினியிலிருந்து பொரிக்கிற வாசம் வந்துவிட்டால் கடைசிப் பத்து மணிகளும் பறக்கும்.

கேள்வியை நான் முடிக்கும் முன்னரே மூப்பர் தலையாட்டினார். "அந்தோனியாருக்குப் பாண். நவநாள் முடியுமட்டும் செவ்வாய்க்கிழமையில ஏழையளுக்குப் பாண் குடுக்கிறது. கனகாலமாக் கிடக்கிற நேர்த்தி பிள்ளை. குடுத்துப்போடு."

"மாமி உங்களிட்டச் சொன்னவவோ?"

"நான் சொல்லுறன்" என்றார். அவர் சொன்னால் அதற்கு மேல் கேள்வி இல்லை.

செவ்வாய்தோறும் கோயில் வாசலில் ஒரு மேசை போட்டுப் பாண் கொடுத்தேன். பாண் எடுத்தது கிண்ணியாக்கார முஸ்லிம் ஒருவரின் பேக்கரியில். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர் கூடுதலாக ஒரு பாண் வைத்துத் தந்தார். "எங்கட உம்மாட பேருலயும் ஒண்டு இரிக்கட்டும்" என்றார். ஏழைகள் வருவதற்கு முன்னர், ஊருக்குள் மாடுபோலத் திரிகிற மான்கள் வந்துவிடும். ஒன்றை விரட்டினால் மற்றது மறுபக்கத்தால் மேசையில் வாய் வைக்கும். மூப்பர் ஒவ்வொரு செவ்வாயும் கதிரையோடு வந்து நிழலில் இருந்தார். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி, என்னவோ முணுமுணுப்பார். மாமிக்காகத்தான் செபிக்கிறார் என்று எனக்கு மனம் நிறைந்துபோகும். கனடாவுக்குப் படம் அனுப்பினேன். மகள் பார்த்து அழுதாள். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆடிக் காற்று வீசிய நாட்களில் மூப்பர் போனார். குளித்துவிட்டு வந்து கதிரையில் இருந்தவர் இருந்தபடியே. அவருடைய வீட்டில் எல்லோரும் கூடியிருக்க, கடல்தொழில் செய்கிற அவருடைய மகன் என்னருகே வந்து குந்தினார்.

"அப்பாட ஒரு குறை மட்டும் கிடக்கு அக்கா" என்றார். "நான் பெடியனா இருக்கேக்க எஞ்சின் பழுதாகி வெளிக்கடலில இழுபட்டுப் போனனான். திரும்பி வந்தா அந்தோனியாருக்கு நவநாள் பாண் குடுக்கிறன் எண்டு நேர்ந்தவர். இந்தா அந்தா எண்டு குடுக்காமலே போட்டார்."

 பெட்டிக்குள் இருந்த மூப்பரை எட்டிப் பார்த்தேன். பசாம் வாசித்து முடித்தவர்போல நல்ல களையோடு கிடந்தார். தன்னுடைய நேர்த்தியை மாமியின் தலையில் கட்டி என்னைக்கொண்டு கொடுப்பித்த ஆள்! தெரிந்தே செய்தாரா, அல்லது வயதுபோன மனத்தில் தன்னுடையதும் மாமியுடையதும் கலந்துவிட்டனவா? அவர் நல்லவர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் அவர் கண்ணை மூடி முணுமுணுத்தது யாருக்காக? எனக்கு ஆத்திரம் வந்தது, சிரிப்பும் வந்தது. அழுகிறேன் என்று நினைத்து மகன் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

"அது குடுத்தாச்சு தம்பி. நான்தான் குடுத்தனான்" என்றேன். 

இனி மிச்சம் இருந்தது மூதூர் அக்காதான். மூதூரிலிருந்து படகில் வந்து இந்த வீதியில் குடியேறி எத்தனையோ காலம். எண்பதைத் தாண்டியும் எல்லோருக்கும் அவர் மூதூர் அக்காதான். எந்தச் செத்தவீடென்றாலும் கோப்பிக் கேத்தல் அவர் பொறுப்பு. மாமிக்கும் அவருக்கும் அந்த மின்விசிறி வாங்கால் தீராத பிணக்கு. மாமியைப் புதைத்த அடுத்த ஞாயிறே அந்த இடத்தில் போய் இருந்துகொண்டார். அந்தக் கோபத்தில்தான் நான் அவரிடம் முதலில் போகவில்லை.

மூப்பர் கதையைக் கேட்டதும் மூதூர் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தாள் எப்பவும் அப்பிடித்தான். தன்ர சுமையை மற்றவன்ர படகில ஏத்தும்." பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டார். "அவவின்ர நேர்த்தி மாதாவுக்கு. கோயில் வாசலில இருந்து பீடம் மட்டும் முழந்தாளில வாறது. எனக்குத் தெரியும்."

"வடிவாத் தெரியுமோ அக்கா?"

"எனக்குத் தெரியாம அவவுக்கு என்ன நேர்த்தி?"

நான் நம்பினேன். சண்டைக்காரிக்குத்தான் சண்டைக்காரியின் கதை முழுக்கத் தெரியும் என்பது என் கணிப்பு. வீட்டில் சொன்னபோது மனுஷன் கேட்டார்: "உமக்கேன் இந்த வேலை? அந்த மனுஷி ஒரு நேர்த்தியை விட்டிட்டுப் போச்சுது. நீர் ஊரில எல்லாரின்ர நேர்த்தியையும் குடுக்கிறீர்." ஆனாலும் அன்றைக்குக் கோயிலுக்கு வந்து என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவர் அவர்தான்.

மாதாவின் திருநாளுக்கு முதல்நாள், கோயிலில் கூட்டமில்லாத நேரம், முழந்தாளிட்டு நகர்ந்தேன். வருஷக்கணக்காக மெசின் மிதித்த முழங்கால். பாதி வழியில் உயிர் போய்வந்தது. மாமியின் வாங்கில் இருந்து மூதூர் அக்கா குரல் கொடுத்தார்: "ஓடாத பிள்ளை. ஆறுதலா வா. ஒவ்வொரு வாங்குக்கும் ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லு." பீடத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடேயப்பா, சண்டைக்காரிக்கும் இவ்வளவு பாசமா என்று நான் உருகிப்போனேன்.

கார்த்திகையில் ஆத்துமாக்களின் திருநாளுக்குச் சேமக்காலைக்குப் போனோம். வழக்கம்போலக் கடற்காற்று ஏற்றிய மெழுகுதிரியை எல்லாம் அணைத்தது. மாமியின் குழிக்கும் மூப்பரின் குழிக்கும் நடுவில் நின்று நான் கனநேரம் யோசித்தேன். மாமியின் பெயரில் கொடுத்த பாண் மூப்பருக்குச் சேர்ந்திருக்குமா? கிண்ணியாக்காரரின் உம்மாவுக்கு ஒரு பங்கு போயிருக்குமா? மேலே இதையெல்லாம் பிரித்துக் கொடுக்க யாரும் இருக்கிறார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. புனிதர்கள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்வார்கள் என்று மாமி சொன்னதை நினைத்துக்கொண்டு திரும்பவும் திரியைக் கொளுத்தினேன். திரும்பவும் அணைந்தது.

மாரி மழை பிடித்தபோது மூதூர் அக்காவும் போனார். நெஞ்சுச்சளி என்று படுத்தார்; எழும்பவில்லை. ஒரே வருஷத்தில் எங்கள் வீதியின் மூன்று பெரிய குரல்கள் அடங்கிவிட்டன. அந்தச் செத்தவீட்டில் கோப்பிக் கேத்தலைத் தூக்க ஆளில்லாமல் நான் தூக்கினேன். பெட்டிக்குள் வைக்கச் செபமாலையும் செபப் புத்தகமும் எடுக்கும்போது அவருடைய மருமகள் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இவவின்ர புத்தகத்துக்க நூல் ஏதும் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. பெட்டிக்குள்ள போனா வில்லங்கம்."

"என்ன நூல்?"

"நேர்த்தி நூல் அக்கா. ஆருக்கும் கடும் வருத்தமெண்டா பழைய ஆக்கள் அந்த ஆளை உச்சியில இருந்து உள்ளங்கால் மட்டும் நூலால அளந்து, குருத்தோலையில சுத்தி வைப்பினம். சுகம் வந்தா அந்த அளவுக்கு மெழுகுதிரி செய்து கோயிலுக்குக் குடுக்கிறது. குடுத்தாப்பிறகு நூலை அந்த மெழுகுதிரியிலயே எரிச்சுப்போடுவினம். நூல் கிடந்தா நேர்த்தியும் கிடக்கு."

புத்தகத்தைப் புரட்டினேன். நூல் எதுவும் இல்லை. "நல்லகாலம்" என்றார் மருமகள். "முழந்தாள் நேர்த்தி மட்டும்தான் மிச்சம். மாதாவுக்கு எண்டு நேர்ந்திட்டு, முழங்கால் ஏலாது, ஏலாது எண்டு தள்ளிக்கொண்டே வந்தவ. அதை இனி ஆர் செய்யிறது?"

"அது முடிஞ்சுது" என்றேன். எப்படி என்று அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல நான் அங்கே நிற்கவில்லை.

மழைக்குள்ளால் வீட்டுக்கு ஓடிவந்து மெசின் லாச்சியை இழுத்துக் கொட்டினேன். பொத்தான், ஊக்கு, உடைந்த ஊசி. எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் குருத்தோலைச் சிலுவை. என் ஊசிக்குள் போகாத தடிப்பாய் இருந்தபடியால்தான் அந்த நூலை நான் வெட்டவில்லை. ஊரில் உள்ள பிள்ளைகளையெல்லாம் அளந்து தைக்கிறவள் நான். ஒரு நூலைக் கையில் எடுத்து, இது ஓர் ஆளின் அளவு என்று எனக்குத் தோன்றவில்லையே!

மகளுடைய அளவாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் மன்றாடினேன். நூலைப் பிரித்து நிலத்தில் நீட்டினேன். நீட்டிக்கொண்டே போனது. அவளுக்குப் பாவாடை, சட்டை, கலியாணத்து ரவிக்கை எல்லாம் தைத்தது நான். தாயைப் போலவே குட்டை; நிமிர்ந்து நின்றால் என் தோளுக்கு வருவாள். இது அவளுடைய அளவில்லை. மாமியுடையதும் இல்லை. இந்த உயரத்துக்கு எங்கள் வீதியில் யார் இருக்கிறார்கள்?

அப்போதுதான் என் உள்ளங்கால் கூசியது. ஆடாமக் கிட பிள்ளை.

நிலத்தில் இருந்துகொண்டு அழுதேன். சத்தம் போட்டே அழுதேன். மனுஷன் ஓடிவந்து, மூதூர் அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்து, தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். இவ்வளவு காலம் ஏன் மாமி கொடுக்கவில்லை என்றும் விளங்கியது. டொக்டர் முடிந்தது என்று சொல்ல வேண்டும்; அதற்காகத்தான் மதிலடியில் காத்திருந்தார். "இனி வரத் தேவையில்லை அம்மா" என்று டொக்டர் என்னிடம் சொன்னபோது மாமியைப் புதைத்து ஒரு மாதம். ஆனால் என்னிடம் ஏன் சொல்லவில்லை? உனக்காக நேர்ந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் இத்தனை இடம் அலைந்திருக்க மாட்டேன்! சொன்னால் பலிக்காது என்ற பயமா? அல்லது சொல்லிவிட்டதாகவே நினைத்தாரா? இதை மட்டும் இன்றைக்கும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதைவிடப் பெரிய குழப்பம் கனடாவில் இருந்தது. கிழமைக்கு ஒருக்கால் அழைத்து, "அது எனக்காகத்தானோ எண்டு தெரிஞ்சுதோ அக்கா?" என்று கேட்கிறவளிடம் நான் என்ன சொல்வது? உன் அம்மா கடைசியாக நினைத்த நேர்த்தி உனக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரிக்காக என்றா? அவளுடைய அளவுக்கு ஒரு நூல் அந்த வீட்டில் எங்கேயும் இல்லை. அலுமாரியைக் குடைந்து பார்த்துவிட்டேன். உனக்காகத்தான் என்று ஒரு பொய் சொன்னால் அவளுக்கும் ஆறுதல், எனக்கும் நிம்மதி. இரண்டு அழைப்புக்குப் போனை எடுக்காமல் விட்டேன். மூன்றாவது அழைப்பில் என்னால் முடியவில்லை. மண் போட்ட அன்று நேராகப் பிடிக்கச் சொன்னவள். அவளுக்கு நான் கோணலாக எதைக் காட்டுவது? எல்லாவற்றையும் சொன்னேன்.

 வீடியோவில் அவள் முகம் அப்படியே நின்றது. இணைப்பு நின்றுவிட்டதாக்கும் என்று போனைத் தட்டிப் பார்த்தேன்.

"அக்கா" என்றாள் கடைசியில். "எழும்பி நில்லுங்கோ. அந்த நூலைப் பிடியுங்கோ, நான் பாக்கோணும்."

போனை அலுமாரியில் சாய்த்து வைத்துவிட்டு நின்றேன். நூலின் ஒரு நுனியை உச்சியில் வைத்துப் பிடித்தேன். மற்ற நுனி கால்வரை வந்து, அதையும் தாண்டி நிலத்தில் கொஞ்சம் சுருண்டு கிடந்தது.

"நீளம் கூடவாக் கிடக்கு" என்றேன். "நான் காலை இழுத்தனான், அதாலயாக்கும்."

"இல்லை அக்கா. அம்மா எதையும் கூடத்தான் அளப்பா." அவள் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு பாதியில் உடைந்துபோனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "அம்மா எனக்காகவும் கேட்டிருப்பா. அது கிடைக்கேல்ல. இது கிடைச்சிருக்கு. அவ கேட்டது ஒண்டாவது என்ர கண்ணுக்கு முன்னால எழும்பி நிக்குது. அசையாதேங்கோ அக்கா, இன்னும் கொஞ்சம் பாத்திட்டு வைக்கிறன்."

நான் அசையாமல் நின்றேன். அந்த முறை காலை இழுக்கவில்லை.

டிசம்பரில், நத்தார் திருநாளுக்கு முன்னர் கோயிலடியில் மெழுகுதிரி செய்கிறவரிடம் நூலைக் கொண்டுபோனேன். எந்தப் புனிதருக்கு என்று கேட்டார். தெரியாது என்றேன். கொளுத்தும்போது போனில் மகள் இருப்பாள், அவள் காட்டுகிற இடத்தில் வைப்போம் என்றேன். அவர் நூலைத் தூக்கி என்னோடு ஒட்டிப் பார்த்தார்.

"ஆளைவிட நூல் நீளம் அம்மா. உங்கட உயரத்துக்கு வெட்டட்டோ?"

"வேண்டாம்" என்றேன். "நூலின்ர அளவுக்கே செய்யுங்கோ."